டிபன் கேரியரில் வந்த புல்

எங்கள் திடலுக்குப் புல் வந்தது நெத்திலிச் சம்பலுக்கு அடியில். டிபன் கேரியரின் மேல் தட்டில் சம்பல், நடுத்தட்டில் மிச்சம் வைத்த சோறு, கடைசித் தட்டில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு பிடி புல். மாதக்கணக்கில் இப்படித்தான் வந்தது. கொண்டு வந்தவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. எனக்கு அப்போது பத்து வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பில் திரிந்துகொண்டிருந்தேன்.

செடெனாக்குக்கும் சிம்பாங் ரெங்கத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வழியில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு, மலாயில் தாமான். அங்கிருந்த செம்பனைத் தோட்டத்தை விற்றபோது அதில் வேலை செய்தவர்களுக்கு வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். செம்பனை மரங்கள் போயின, கொட்டகைகள் போயின, காற்பந்துத் திடல் மட்டும் எப்படியோ தப்பித்துக் கிடந்தது. திடல் இருந்ததால் கிளப்பும் இருந்தது. கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பதினாறு சட்டைகள், நான்கு பந்துகள், கோயில் கொட்டகையில் ஓர் அலமாரி, அவ்வளவுதான். செயலாளர், பயிற்சியாளர், கோடு போடுபவர், பந்துக்குக் காற்று அடிப்பவர் எல்லாம் ஒரே ஆள், என் சித்தப்பா. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் என்றால் தாமானே திடலைச் சுற்றி நிற்கும். எங்கள் ஆட்கள் தோற்றால் ஒரு வாரம் பேச்சு வாங்குவார்கள். ஜெயித்தால் இரண்டு வாரம் அவர்களே பேசுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஜொகூர் பாரு பக்கம் பெரிய கிளப்பின் புது ஸ்டேடியம் திறந்தது. அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவ்வளவு அழகான இடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பா ஒரு முறை கூட்டிக்கொண்டு போனார். விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தரையைப் பார்த்துவிட்டு, பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் அடித்துச் சொன்னேன். அது புல்தான் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

எங்களுக்குத்தான் சனிக்கிழமை காணாமல் போனது. பெரிய கிளப் விளையாடும் நாள்களில் எங்கள் திடலின் மூலைக்கே பஸ் வந்து நிற்கும். மாமாக்களும் அக்காக்களும் புது ஜெர்சி போட்டுக்கொண்டு ஏறிப் போய்விடுவார்கள். எங்கள் ஆட்டத்தைப் பார்க்க அம்மா, நான், கோயில் பூசாரி, இரண்டு நாய்கள். அணியில் இருந்த இரண்டு அண்ணன்கள் பெரிய கிளப்பின் இளையோர் தேர்வுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. இன்னொருவர், எங்களில் வேகமாக ஓடக்கூடியவர், அங்கே ரசிகர் கூட்டத்தில் டிரம் அடிக்கச் சேர்ந்துவிட்டார். எங்களுக்கு மட்டும் இந்தக் கதி இல்லை. செடெனாக் பக்கம் ஒரு கிளப்பை மூடியே விட்டார்கள். சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் ஜென்ம விரோதிகளான கிளப்புக்கும் ஆள் சேரவில்லை என்று கேள்விப்பட்டபோது சித்தப்பா முதலில் சந்தோஷப்பட்டார், பிறகு கவலைப்பட்டார்.

அதற்கு மேல் ஒரு கடிதம் வந்தது. பெரிய கிளப்பின் திடலைப் பார்த்த கண்ணுக்கு மற்றத் திடல்கள் எல்லாம் அசிங்கமாகத் தெரிவது இயற்கைதானே. மாவட்ட லீக்கை நடத்துபவர்கள் புது விதி போட்டிருந்தார்கள். கோல் கம்பத்துக்கு முன்னால் வெறும் மண்ணாக இருக்கும் திடலில் இனிமேல் ஆட்டம் கிடையாது. ஐந்தாறு மாதத்தில் ஒவ்வொரு திடலையும் பார்க்க ஆள் வருவார். அப்படிப்பட்ட கிளப்புகள் தங்கள் சொந்த ஆட்டத்தையும் தூரத்துப் பட்டணத்தில் போய் ஆட வேண்டும். லீக் ஆட்டம் நடக்காத திடலை என்ன செய்வது என்பதை நகராண்மைக் கழகம் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தது. நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஸ்டேடியத்துக்குப் போகும் பஸ்களும் கார்களும் நிற்க அதற்குத் தார் போட்டுவிடலாம்.

எங்கள் திடலில் நடுப்பகுதி முழுக்க மாட்டுப்புல் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு கோல் வாசல்கள் மட்டும் வழுக்கை. மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் சிமெண்ட். எத்தனையோ முறை மாட்டுப்புல்லைப் பெயர்த்து வைத்துப் பார்த்தும் அங்கே பிடிக்கவில்லை. சித்தப்பா கடிதத்தை எங்கள் வீட்டு மேசையில் வைத்து மூன்று முறை வாசித்தார். நான்காவது முறை எடுத்தவர் வாசிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். சித்தப்பாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை என்பதால் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

இப்போது அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை கணவரை இழந்தவர். எங்களோடுதான் இருந்தார். தோட்டத்தில் புல் பிடுங்கும் பெண்களுக்குத் தலைவி. தோட்டம் போன பிறகு மூன்று வருடம் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். கோழிப்பண்ணையில் கொஞ்ச நாள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவக் கொஞ்ச நாள். புது ஸ்டேடியம் வந்தபோது அங்கே புல்லைப் பராமரிக்கும் குத்தகைக்காரருக்குக் கையால் களை எடுக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். இந்த மாநிலத்தில் அதை எங்கள் அத்தையைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்கிறார்? அவரும் பழைய தோழிகள் ஐந்து பேரும் சேர்ந்தார்கள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மாதா மாதம் நிச்சயமான வேலை, மழைக்கு ரெயின்கோட், காலுக்கு பூட்ஸ். வேனில் ஏறும்போது அத்தை நடக்கிற நடையே மாறியிருந்தது.

ஆறு பேரும் வரிசையாக முட்டி போட்டு, சின்னக் கத்தியால் களையை வேரோடு எடுத்துக்கொண்டே நகர வேண்டும். அத்தை வீட்டுக்கு வந்ததும் அந்தப் புல்லைப் பற்றித்தான் பேசுவார். தலைமுடி மாதிரி மெல்லிசு, விதை போட வேண்டாம், கொடியாக ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும், மிதிக்க மிதிக்க அடர்த்தியாகும். கோட்டைத் தாண்டி ஓடிய கொடிகளை வெட்டிக் குப்பைக் கூடையில் போடச் சொல்வார்களாம். அத்தைக்கு அது மனசே கேட்கவில்லை.

கடிதம் வந்த மறுநாள் அத்தை மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பார்த்தார். குப்பையில் போடும் கொடியில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா என்று. அவர் முடியாது என்றார். அது விலை உயர்ந்த சாதி, அந்த கேட்டைத் தாண்டி ஒரு புல் வெளியே போகக்கூடாது, போனால் வேலை போகும் என்று சட்டமே இருந்ததாம். அத்தை அன்று சாயங்காலம் வெறுங்கையோடு வந்து சேர்ந்தார்.

"குப்பையிலதான போடறீங்க, குடுங்கன்னேன். முடியாதுங்கறாரு," என்றார் அம்மாவிடம்.

"விடுங்க அண்ணி, வேலைய பாருங்க," என்றார் அம்மா.

அதற்கு அடுத்த நாள் டிபன் கேரியரில் புல் வந்தது. வாயிலில் இருந்த ஜாகா, அதாவது காவலாளி, பைகளையெல்லாம் திறந்து பார்ப்பாராம். டிபன் கேரியரின் மேல் தட்டைத் திறந்ததும் சம்பல் வாசனை மூக்கில் ஏறி, போ போ என்று கையைக் காட்டிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் நெத்திலிச் சம்பல். இன்று வரைக்கும் எனக்கு அதைப் பார்த்தாலே போதும் என்று இருக்கிறது.

புல்லை நேராகத் திடலில் வைத்துவிடவில்லை. அத்தை தோட்டத்து ஆள். செம்பனைக் கன்று எப்படி வளர்ப்பார்களோ அப்படியே வளர்த்தார். கொல்லையில் கறுப்பு பாலிபேக்குகளை வரிசையாக அடுக்கி, மணலும் எருவும் கலந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கணுவை ஊன்றினார். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. பால்மாவு டின்னில் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மழை பெய்வதுபோல் ஊற்ற வேண்டும். இரண்டு வாரத்தில் பைக்கு வெளியே கொடி எட்டிப் பார்த்தது. அத்தை அதைத் தொட்டுப் பார்த்து, "பொழச்சிக்கிச்சு," என்றார். எனக்கு அன்று இரவு சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வளர்ந்த பைகளைச் சாண் இடைவெளியில் கோல் வாசலில் நட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு பெண்களும் வந்து நடுவார்கள். அந்தப் பக்கம் யாரும் கால் வைக்கக்கூடாது என்று அத்தை கயிறு கட்டிவிட்டார். அதனால் எங்கள் அணி கோல் கம்பம் இல்லாமலே பல வாரம் பயிற்சி செய்தது. இரண்டு நாற்காலியை நடுக்கோட்டில் வைத்து, அதற்கு நடுவே பந்தை அடிப்பார்கள். கோல் காவலர் அண்ணனுக்கு நாற்காலியைக் காப்பாற்றுவதிலேயே கவனம் போனது. மாடுகளை விரட்டும் வேலையும் என்னிடம் வந்தது. நான் அதிகாரியைப்போல் குச்சியோடு நடப்பேன். பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும் எங்கள் திடலில் ஸ்டேடியத்துப் புல் வளர்கிறது என்று சொல்லத் துடிப்பேன். சொன்னால் தோலை உரிப்பேன் என்று அம்மா சொல்லியிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

நான்காவது மாதம் சித்தப்பா ஒரு காரியம் செய்தார். தோட்டத்துக்காரர் மட்டுமே செய்யக்கூடிய காரியம் அது.

சித்தப்பா தோட்டத்தில் இருபது வருடம் மருந்தடித்தவர். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, மரத்தைச் சுற்றி முளைப்பதையெல்லாம் கருக்குவதுதான் அவருக்குத் தெரிந்த சுத்தம். ஒரு நாள் பொழுது போகாமல் திடலைச் சுற்றி வந்தவர் கண்ணில், மேற்குப் பக்கத்துக் கோல் வாசலில் கயிற்றைத் தாண்டி ஒரு மெல்லிய கொடி தாறுமாறாகப் படர்வது பட்டது. அத்தை நட்டது வரிசை வரிசையாக இருக்கும் என்பது அவர் கணக்கு. வரிசையைக் காணோம், எல்லாம் பின்னிக்கொண்டு கிடந்தது. களை ஏறிவிட்டது, அக்காவின் புல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓடிப் போய்ப் பம்பை எடுத்து வந்து, பொறுப்பாக, ஓரம் கூட விடாமல் அடித்துவிட்டார். அடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டேன் என்று சொல்லித் தேநீரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஐந்தாம் நாள் மேற்குக் கோல் வாசல் முழுக்கப் பழுத்துவிட்டது. அத்தை கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். சித்தப்பா பத்தடி தள்ளி நின்றார். திட்டு விழப்போகிறது என்று நானும் ஆவலோடு காத்திருந்தேன்.

"எத்தன டேங்கு அடிச்ச?"

"ரெண்டுக்கா."

"ஒன்னே போதும்டா இதுக்கு," என்றார் அத்தை. அங்கேயே உட்கார்ந்து காய்ந்த கொடியைப் பிடுங்க ஆரம்பித்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன். பிறகு அவரும் உட்கார்ந்தார்.

திடலைப் பார்க்க ஆள் வருவதற்கு ஏழு வாரம்தான் இருந்தது. தினம் ஒரு பிடி வந்தால் போதாது. எனவே மறு வாரத்திலிருந்து ஆறு பெண்களும் ஆறு டிபன் கேரியர் கொண்டு போனார்கள். ஆறு வீட்டிலும் சம்பல். வேனில் சம்பல் வாசனை தாங்காமல் டிரைவர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஆறு கொல்லையிலும் பாலிபேக் ஏறியது. சித்தப்பா வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொரு வீடாகப் போய், பிராயச்சித்தம் செய்பவரைப்போல் பைகளைத் தூக்கி நிழலுக்கும் வெயிலுக்குமாக மாற்றி வைப்பார். மருந்துப் பம்பை அவர் வீட்டிலிருந்து எடுத்து வந்து அத்தை தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். மழையும் நேரத்துக்கு வந்தது. ஆறாவது வாரம் மேற்குப் பக்கமும் மூடிவிட்டது. ஏழாவது வாரம் இரண்டு கோல் வாசல்களும், நடுத்திடலின் மாட்டுப்புல் வெட்கப்படும்படி, பச்சைப்பசேலென்று இருந்தன.

பார்வையிடும் நாள் ஒரு சனிக்கிழமை. பந்து எப்படி உருள்கிறது என்று பார்க்க வேண்டுமாம், அதனால் அன்றே ஓர் ஆட்டமும் வைத்திருந்தார்கள். எதிரணி சிம்பாங் ரெங்கத்து விரோதிகள். முந்தின வாரம்தான் அவர்கள் திடல் தேறாது என்று லீக்காரர்கள் கழித்துவிட்டார்கள். அவர்களை முறைக்க வேண்டும் என்று நான் தயாராக வந்திருந்தேன். அவர்களோ எங்கள் கோல் வாசலைப் பார்த்துவிட்டுக் கோயிலில் நிற்பதுபோல் நின்றார்கள்.

காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் கூட்டத்தில் நின்ற பெண்களில் ஒருவர், "அலமாக், நம்ம புல்லுக்கார என்சே," என்று வாயைப் பொத்திக்கொண்டார். மலாயில் அலமாக் என்றால் ஐயோ, என்சே என்றால் ஐயா. அவர்தான் ஸ்டேடியத்தில் புல்லுக்கெல்லாம் பெரியவர், இவர்களுக்கு மேலதிகாரி. மாவட்டத்துத் திடல்களைப் பார்த்துச் சொல்ல விவரம் தெரிந்த ஆள் வேண்டும் என்று லீக்காரர்கள் அவரை இரவல் கேட்டிருக்கிறார்கள். வரப்போவது யார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெண்கள் நால்வரும் ஒருவர் பின்னால் ஒருவர் மறைந்தார்கள். அத்தையும் இன்னொருவரும் அன்று அரை நாள் வேலைக்குப் போயிருந்தார்கள், இன்னும் திரும்பவில்லை.

அவர் நடுத்திடலைச் செருப்போடுதான் கடந்தார். கோல் வாசலுக்கு வந்ததும் நின்றார். குனிந்து பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய், காலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். உட்கார்ந்து ஒரு கொடியைத் தூக்கிக் கணுக்களை எண்ணினார். சித்தப்பாவிடம் இந்தப் புல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. ஜொகூர் பாருவில் ஒரு கடையில் வாங்கினோம் என்று சித்தப்பா சொன்னார். எந்தக் கடை என்று அவர் கேட்டார். சித்தப்பா வானத்தைப் பார்த்தார். அப்புறம் இருமினார்.

எனக்குத் தாங்கவில்லை. ஐந்து மாதம் தண்ணீர் ஊற்றியவள் நான். மாடு விரட்டியவள் நான். பதில் தெரிந்த கேள்விக்கு இவ்வளவு நேரம் திணறுவதா? பள்ளிக்கூடத்து மலாயில், வாசிப்புப் பயிற்சியில் வாசிப்பதுபோல், கணீரென்று சொல்லிவிட்டேன். "இது உங்கள் ஸ்டேடியத்துப் புல். எங்கள் அத்தை கொண்டு வந்தார். டிபன் கேரியரில்."

அம்மா என் தோளைக் கிள்ளிய இடம் மூன்று நாள் நீலமாக இருந்தது. என்சே சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பேனாவை மூடிப் பையில் வைத்தார். இங்கே ஸ்டேடியத்தில் வேலை செய்பவர்கள் எத்தனை பேர் என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் வேன் வந்து நின்றது. அத்தை இறங்கினார். கழுத்தில் வேலை அட்டை தொங்க, கையில் டிபன் கேரியரோடு திடலுக்குள் பார்த்தார். ஒரு கணம்தான் நின்றிருப்பார். டிபன் கேரியரை என் கையில் கொடுத்துவிட்டு நேராக அவரிடம் நடந்தார். ஸ்டேடியத்துக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவருக்கு வந்திருந்த நடை அது. இருவரும் மூலைக்கொடி பக்கம் போய் நின்று பேசினார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அத்தை ஏதோ சொன்னார், அவர் தலையாட்டி மறுத்தார், அத்தை மறுபடியும் சொன்னார். பிறகு கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அவரிடம் நீட்டினார். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காருக்குப் போய், படிவத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார்.

திடல் தேறிவிட்டது. சித்தப்பா அந்தத் தாளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வயிறு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

அதோடு முடியவில்லை. அன்று ஸ்டேடியத்திலும் ஆட்டம். பெரிய கிளப்பின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஆட்கள் பஸ்ஸுக்காகத் திடல் ஓரத்தில் கூடியிருந்தார்கள். திடல் தேறிய செய்தி கேட்டு ஒவ்வொருவராகக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். எங்கள் அணியில் அன்று பத்துப் பேர்தான். பதினோராவது ஆளாகச் சித்தப்பாவே சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். முதலில் அவர்கள் ஒன்று போட்டார்கள். இடைவேளைக்கு முன் நாங்கள் ஒன்று போட்டோம். பஸ் வந்து ஹார்ன் அடித்தது, யாரும் நகரவில்லை. இரண்டாம் முறை அடித்தது. மூன்றாம் முறை அடிப்பதற்குப் பதில் டிரைவர் இறங்கி வந்து பார்க்க ஆரம்பித்தார். ஸ்டேடியத்துக்கு டிரம் எடுத்துக்கொண்டு கிளம்பிய எங்கள் பழைய ஆட்டக்காரர் அதை அங்கேயே அடிக்கத் தொடங்கினார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது பந்து மேற்குக் கோல் வாசலில் சித்தப்பா காலில் பட்டது. அடித்தார் என்று சொல்ல மாட்டேன், பட்டது. முன்பெல்லாம் அந்த இடத்தில் மெதுவாகப் போகும் பந்து சேற்றில் சிக்கிச் செத்துப்போகும். அன்று அது நிற்காமல், அவசரப்படாமல், புல்மேல் உருண்டு உருண்டு, விழுந்து கிடந்த அவர்கள் காவலரின் விரலைத் தாண்டி உள்ளே போனது. எந்தப் பக்கத்தை மருந்தடித்துக் கருக்கினாரோ அந்தப் பக்கத்திலேயே என் சித்தப்பா கோல் போட்டுவிட்டார். சந்தோஷத்தில் குப்புற விழுந்து சறுக்கியவர், உடனே பதறி எழுந்து புல் பெயர்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தார். ஜனம் சிரித்த சிரிப்பில் டிரம்மே கேட்கவில்லை. தோற்ற சிம்பாங் ரெங்கத்துக்காரர்களும் சிரித்தார்கள். இனிமேல் அவர்களுக்கும் இதுதான் சொந்தத் திடல் என்று சித்தப்பா அங்கேயே வாக்குக் கொடுத்தார். இன்று வரைக்கும் இரண்டு கிளப்பும் அந்தத் திடலில்தான் ஆடுகின்றன. பஸ் அன்று அரை மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பியது.

அத்தை கோல் கம்பத்துக்குப் பின்னால் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்து ஆட்டம் முழுவதையும் பார்த்தார். புல்லில் அவர் முட்டி போட்டு வேலை செய்துதான் பார்த்திருக்கிறேன், சும்மா உட்கார்ந்து பார்த்ததில்லை. சித்தப்பா கோல் போட்டபோது எல்லாரையும்விட அதிகமாகக் கை தட்டியவர் அவர்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் வாய் ஓயவில்லை. அத்தை அட்டையைக் காட்டினார், அதிகாரி உடனே கையெழுத்துப் போட்டார், அவ்வளவு பவர் அந்த அட்டைக்கு என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். அதை அவர் ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ள வாங்கிப் போனதாகவும் நானாகச் சேர்த்துக்கொண்டேன். அத்தை சிரித்தார். என்னை யாரும் திருத்தவில்லை.

மூலைக்கொடி பக்கம் அவர்கள் என்ன பேசினார்கள் என்பது நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அத்தையின் ஐந்து தோழிகளில் ஒருவர் ஒரு கல்யாண வீட்டில் சொன்னார். புல் எடுத்தது நான் ஒருத்திதான், மற்ற யாருக்கும் இதில் சம்பந்தமில்லை என்று அத்தை சொல்லியிருக்கிறார். தெரிந்த பிறகு மேலே சொல்லாமல் இருக்க முடியாது, சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் என் வேலையும் போகும் என்று என்சே சொல்லியிருக்கிறார். நான் இப்போதே வேலையை விட்டு நிற்கிறேன், வேலையில் இல்லாதவளைப் பற்றி நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று அத்தை அட்டையைக் கழற்றியிருக்கிறார். அதற்குப் பிறகு அத்தை செடெனாக்கில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பாத்திரம் கழுவப் போனார். முட்டி ஒத்துழைத்த வரைக்கும் போனார். என் வாயால் வந்த வினை என்று ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இதெல்லாம் எனக்கு அன்று எங்கே தெரியும்? திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் வேன் வந்து ஐந்து பெண்களும் ஏறினார்கள். இனிமேல் வேலைக்குப் போகப்போவதில்லை என்று என்னிடம் சொல்லியிருந்த அத்தை வாசலில் நின்றபடி போய் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். டிரைவர் இன்னும் ஆறாவது ஆளுக்காகக் காத்திருந்தார். விவரம் தெரியாத மனிதரை அப்படிக் காக்க வைப்பது சரியில்லை என்று நான்தான் பள்ளிக்கூடப் பையோடு ஓடிப் போய், கண்ணாடியைத் தட்டி, தெருவுக்கே கேட்கும்படி பெருமையாகச் சொன்னேன்.

"எங்க அத்தை இனிமே வர மாட்டாங்க அண்ணே. அவங்க அட்டைய பெரிய என்சேயே வாங்கி வச்சிக்கிட்டாரு."

வேனுக்குள்ளே ஐந்து பேரும் அந்தப் பக்கத்துக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லையே என்று நான் நினைத்தேன்.